இருபத்தாறு தளபதிகளும் ஒரு சிப்பாயும்

அட்டை எழுத வேண்டும். அன்றைக்கு என் வேலை அவ்வளவுதான்.

கம்பெனிக்காரன் காலத்தில் எங்கள் ஊர்ப் பாளையப் படையில் இருந்த முன்னோர்களுக்காக வருஷா வருஷம் ஊர்வலம். பள்ளிக்கூட வாசலில் கிளம்பி, பந்தல்குடிக்கு ரோடு பிரியும் விலக்கில் அவர்கள் நினைவாக நட்டிருக்கும் படைக்கல்லுக்கு மாலை போட வேண்டும். ஆளுக்கோர் அட்டை. அதில் முன்னோர் பெயர், பதவி.

முப்பது வருஷமாகப் பத்திரிகையில் சிறுவர் பக்கத்துக்கு எழுதுகிறவன் நான். கையெழுத்து அழகு என்று பிடித்துக்கொண்டார்கள்.

போலீஸ் அனுமதி மனுவிலும் அதே அழகான கையெழுத்து! காலை ஒன்பது முதல் பத்து வரைதான் அனுமதி.

"பத்துக்குள்ள மாலை விழலைன்னா, அடுத்த வருஷம் மனு தூக்கிட்டு வராதீக சார்" என்று ஏட்டையா சொல்லியிருந்தார்.

முதலில் வந்தவர் உரக்கடை சுந்தரபாண்டி.

"என்ன பதவி அண்ணாச்சி?"

"தளபதின்னு போடுங்க."

போட்டேன்.

அடுத்து லாரிக்கார முனியாண்டி. "தளபதி!"

"இப்பத்தானே ஒருத்தருக்குப் போட்டேன்?"

"அவுக பாட்டனா? அவரு எங்க பாட்டனோட குதிரைக்குப் புல்லறுத்தவரு! நமக்குப் பெரிய எழுத்தாப் போடுங்க."

எட்டரைக்குள் இருபத்தாறு தளபதிகள். 'ஆறு வித்தியாசம் கண்டுபிடி' போடுகிற எனக்கே அந்த அட்டைகளில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "படைன்னா ஒரு சிப்பாயாவது வேணுமில்ல?" என்றேன்.

இருபத்தாறு பேரும் என்னையே பார்த்தார்கள்.

"சாருக்கு அட்டை இல்லையே!"

என் அட்டையில் 'சிப்பாய்' என்று நானே எழுதினேன்.

ஒன்பது மணி. தளபதி முன்னால்தான் போக வேண்டுமாம். எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். ரோட்டில் எட்டுப் பேர். மற்றவர்கள் இரண்டு பக்கமும் கருவேல முள்ளுக்குள்!

"படையே, நட!" என்றார் சுந்தரபாண்டி. நடந்தேன்.

"படையே, நில்லு! நான் சொல்லாம எப்பிடி நடக்கும்?" என்றார் முனியாண்டி. நின்றேன்.

முக்கால் மணி நேரம் நடந்தும் நின்றும், பள்ளிக்கூடச் சுவரைத் தாண்டவில்லை. தளபதிகள் சுமை தூக்கக் கூடாதென்று மாலையையும் என் கழுத்திலேயே போட்டுவிட்டார்கள்.

பின்னால் மினி பஸ் வந்து ஹாரன் அடித்தது.

"யாராச்சும் ஒருத்தர் பின்னால போங்கய்யா!" என்றார் டிரைவர்.

"ஏலே, தளபதி பின்னால போனதா சரித்திரமே கிடையாது!"

டிரைவர் பஸ்ஸைப் பின்னால் எடுத்து, விலக்குக்குப் போகும் கண்மாய்க்கரைப் பாதையில் திருப்பினார். மணி ஒன்பது ஐம்பது. ஓடிப்போய் ஏறிவிட்டேன்.

பக்கத்து சீட்டு அம்மா மாலையைப் பார்த்தார். என் நரைமுடியைப் பார்த்தார். "இந்த வயசுலயா?" என்றார்.

ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு மாலை கல்லில் விழுந்தது. கோஷத்தை நானே போட்டு, நானே 'வாழ்க' சொன்னேன்.

ஏட்டையா என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "ஊர்வலம் எங்க சார்?"

"நான்தாங்கய்யா."

நோட்டை எடுத்தார். 'கலந்துகொண்டவர் ஒருவர். நெரிசல் இல்லை. அமைதியாக முடிந்தது' என்று எழுதிக்கொண்டார்.

"அடுத்த வருஷமும் அனுமதி உண்டு சார். இதே கூட்டத்தக் கூட்டிட்டு வாங்க."