அடாப்டர் பைக்காரர்

மனிதரில் அடாப்டர் பைக்காரர் என்று ஒரு வகை உண்டு. புத்தகங்களில் தேடாதீர்கள், பக்கத்து வீட்டில் தேடினாலே போதும். எந்தக் காலத்திலோ செத்துப்போன மோடம், மச்சினன் விட்டுப்போன ஷேவர், யாருடையது என்றே தெரியாத பொம்மைக் கார் என்று பொருளெல்லாம் குப்பைக்குப் போன பிறகும், அவற்றின் அடாப்டர்களை மட்டும் ஒரு துணிப்பையில் சேர்த்து, ஒயர்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்து முடிச்சாகிக் கிடக்க, அந்தப் பையை பீரோவுக்கு மேல் ஏற்றி, வீட்டில் எவரும் தொடக்கூடாது என்று சட்டமும் போட்டு வைத்திருப்பார். எதற்கு? ஒருநாள் உதவுமாம். அந்த ஒருநாள் வந்தால்தான் ஆபத்து.

எத்தனை வோல்ட், பிளஸ் நடுவிலா வெளியிலா என்பதெல்லாம் அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். நம் ஆள் படிக்கமாட்டார். கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பதெல்லாம் விஷயம் தெரியாதவர்கள் செய்கிற வேலை. அவரிடம் இருப்பது ஒரே பரீட்சை: ஒயர் முனையிலுள்ள பின், பொருளின் ஓட்டைக்குள் நுழைகிறதா?

"நுழையுதுல்ல? அப்பச் சரிதான். கரண்டுன்னா எல்லாம் ஒரே கரண்டுதான்."

இப்படியே மாமனாரின் கையடக்க ரேடியோ போயிற்று. மகளின் சிடி பிளேயர் போயிற்று. ஆனால் எதையும் இவர் கெடுத்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ரேடியோவுக்கு ஆயுள் முடிந்தது. சிடி பிளேயரில் கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனிதர்.

போன வாரம் மனைவியின் கீபோர்டு. மடியில் வைத்து வாசிக்கிற சின்னப் பொருள், பழசு, அந்த மாதிரி இப்போது யாரும் செய்வதில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த அம்மாள் வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது அதில்தான். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைகள் முதன்முறையாக நாலு பேர் முன்னால் வாசிக்கப் போகிறார்கள். அந்த நேரம் பார்த்து அதன் அடாப்டர் ஒயர் அறுந்தது. பேட்டரியில் பத்து நிமிஷம்கூடத் தாங்காது.

"கடையில போய் இதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வாங்களேன்."

"கடையா? வீட்ல ஒரு பை நிறைய வச்சுக்கிட்டுக் கடைக்குப் போனா ஊரே சிரிக்கும்."

பை கீழே இறங்கியது. ஒரு பின் பெரிசு, ஒன்று சிறிசு, மூன்றாவது வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. வெற்றிப் புன்னகையோடு சுவிட்சைப் போட்டார். கீபோர்டு 'பட்' என்று ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. கருகல் வாசனை கூடம் முழுக்கப் பரவியது. அவர் நிதானமாக எழுந்துபோய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"எவனோ குப்பையைக் கொளுத்துறான்."

அதற்குப் பிறகு வைத்தியம் நடந்தது. ஓட்டையில் ஊதினார். பேட்டரியைக் கழற்றி மாட்டினார். முதுகில் இரண்டு தட்டு தட்டினார். அவருடைய கை பையிலிருந்த இன்னொரு அடாப்டரை நோக்கி நீண்டபோதுதான் மனைவி கீபோர்டைப் பிடுங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு ரிப்பேர் கடைக்குக் கிளம்பினாள். இவரும் கூடவே போனார். தனியாக விட்டால் அங்கே என்ன பேசிவைப்பாளோ!

கடைக்காரர் பின்மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார்.

"என்ன அடாப்டர் போட்டீங்க?"

"அடாப்டரா? அதெல்லாம் ஒண்ணும் போடலியே. தானா நின்னுபோச்சு."

"தானா நின்னா இப்படிக் கருகாது சார். எத்தனை வோல்ட்டு, பிளஸ் எந்தப் பக்கம்னு சொன்னீங்கன்னா எங்க அடிபட்டிருக்கும்னு நேராப் பார்த்துடுவேன். இல்லன்னா ஒவ்வொரு பார்ட்டா கழட்டித் தேடணும். பழைய போர்டு, சூடு வைக்க வைக்க உரிஞ்சு வந்துடும். அப்புறம் யாராலயும் சரி பண்ண முடியாது."

இங்கேதான் நம் ஆள் மாட்டிக்கொண்டார். ஏனென்றால் அவருக்கு விடை தெரியும். மனைவி துண்டு தேடிய நேரத்தில், வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு அடாப்டரின் முதுகைப் படித்துவிட்டார். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், கீபோர்டு பிழைக்கும். ஆனால் சொன்ன மறுநிமிஷம் ரேடியோவும் சிடி பிளேயரும் எழுந்துவந்து சாட்சி சொல்லுமே! இத்தனை வருஷம் கட்டிக் காத்த பெயர் என்னாவது? மனைவியைப் பார்த்தார். கீபோர்டைப் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது.

"எங்க வீட்ல யாரும் எதுவும் போடலீங்க" என்றார்.

கடைக்காரர் பெருமூச்சு விட்டு, ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலைக் கையில் எடுத்தார்.

"பன்னெண்டு வோல்ட்டுங்க" என்றாள் மனைவி. "பிளஸ் நடுவுல. இதுக்கு வேண்டியது ஒம்பது, மைனஸ் நடுவுல. சுவத்துலேர்ந்து புடுங்கினப்ப படிச்சேன். நான்தான் தெரியாம சொருகிட்டேன்."

கடைக்காரர் நேராக ஒரு மூலைக்குப் போனார். மிளகு அளவுப் பொருள் ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார். பேட்டரி போட்டு ஒரு கட்டையை அழுத்தினார். கீபோர்டு பாடியது. அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நம் ஆளும் கலங்கித்தான் போனார். கடைப்படி இறங்கும்வரை கலங்கியிருந்தார். தெருமுனை திரும்புவதற்குள் சரியாகிவிட்டது.

"இனிமே எதையும் சொருகறதுக்கு முன்னாடி பின்பக்கம் படிச்சுப் பாரும்மா" என்றார் பெருந்தன்மையோடு. "உனக்கு எப்பவும் அவசரம்."

அவள் திரும்பி அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். "சரிங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மச்சினனுக்குப் போன் போயிற்று. "உங்க அக்கா எதையோ மாத்திச் சொருகிட்டாப்பா. நல்லவேளை, நான் கூடப் போனேன்!" பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்?

நீங்கள் இந்த வகை இல்லை. சந்தோஷம். உங்கள் கை பட்டு இதுவரை ஒரு பொருளும் கெட்டதில்லை. உங்கள் வீட்டில் போட்டு உடைப்பதும் கருக்குவதும் எப்போதும் இன்னொருவர்தான். கேட்டால் அவரே 'ஆமாம், நான்தான்' என்று ஒப்புக்கொண்டும் விடுகிறார். அப்படித்தானே? எதற்கும் ஒருமுறை எழுந்துபோய் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.