எதிரணிக்குக் கைதட்டியவர்

செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தெருவில் ஒரே ஒரு தேசத்துரோகிதான் இருந்தார். அவரைவிடப் பெரிய தேசபக்தரை நான் இன்றுவரை எந்த ஊரிலும் பார்த்ததில்லை. இரண்டும் ஒரே ஆள்தான்.

அவருக்குப் பெயர் பாகிஸ்தான் சார். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். தபால்காரருக்கே அது மறந்துபோயிருந்தது. கல்யாணப் பத்திரிகையில்கூட 'திரு. பாகிஸ்தான் சார், குடும்பத்துடன்' என்று எழுதித்தான் கொடுப்பார்கள்; அவரும் வாங்கிக்கொண்டு மொய் எழுதிவிட்டு வருவார். புதிதாகக் குடிவந்த ஒருவர் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "அவருக்குச் சொந்த ஊர் லாகூரா சார்?" என்று கேட்டார். "இல்லை, லால்குடி" என்றேன். மனிதருக்குப் பெரிய ஏமாற்றம்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் தெருவில் ஸ்டெல்லா டீச்சர் வீட்டில் மட்டும்தான் கலர் டிவி. எனக்கு அப்போது கல்யாணமான புதிது. மேட்ச் நாளில் மனைவியை விட்டுவிட்டு அங்கேதான் கிடப்பேன். தெருவில் பாதி ஜனம் அந்தக் கூடத்தில்தான் இருக்கும். தாம்பரம் விமானப்படை விமானம் ஏதாவது தாழப் பறந்தால் படம் ஆட்டம் போடும். நாட்டுப்பற்று பொங்கும் அந்த நேரத்தில், நம் நாட்டு விமானத்தையே வாய்க்கு வந்தபடி திட்டுவோம். மற்றபடி எங்கள் தேசபக்தி மேட்ச் நாளுக்கும் ஆகஸ்ட் பதினைந்துக்கும் மட்டுமானது. மிச்ச நாளெல்லாம் குப்பையை அடுத்த வீட்டு வாசலில் தள்ளும் சுதந்திரத்தை அனுபவித்துக்கொண்டிருந்தோம்.

இத்தனை பேரும் இந்தியாவுக்குக் கத்தும்போது, மூலையிலிருந்து ஒரே ஒரு ஜோடிக் கை எதிரணிக்குத் தட்டும். அதுதான் அவர். குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர், ஒல்லி உடம்பு. நம் ஆள் அவுட்டானால் எழுந்து நின்று, "அப்படிப் போடு ராஜா!" என்பார். வெஸ்ட் இண்டீஸ், ஆஸ்திரேலியா என்று யார் வந்தாலும் அவர்கள் பக்கம்தான். பாகிஸ்தான் வந்தால் சட்டைக்கு இஸ்திரியே போட்டுக்கொண்டு வருவார்.

எங்கள் தெருவின் நாட்டுப்பற்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் சுபேதார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சுதந்திர தினத்தில் கொடியேற்றுவதும் அவரே. யாருக்கு ஒரு மிட்டாய், யாருக்கு இரண்டு மிட்டாய் என்று தீர்மானிப்பதும் அவரே. ஒரு ஷார்ஜா மேட்சில் அவர் பொறுமை எல்லை தாண்டியது.

"யோவ், இந்த நாட்டு சோத்தைத் தின்னுட்டு அவனுக்குக் கைதட்டுறியே, வெக்கமா இல்ல?"

பாகிஸ்தான் சார் பவ்யமாக எழுந்து நின்றார். "கோவிச்சுக்காதீங்க சார். என் ராசி அப்படி. நான் யார் பக்கம் நிக்கிறேனோ அவங்க தோத்துடுவாங்க. நான் சேர்ந்த மொத கம்பெனியை ஆறே மாசத்துல மூடினாங்க. ஓட்டுப் போட்ட ஆளுக்கு டெபாசிட் போச்சு. நல்லாருக்குன்னு சொன்ன படத்தை மறுநாளே தாம்பரம் தியேட்டர்ல தூக்கிட்டாங்க. நான் இந்தியாவுக்குக் கைதட்டினா நாடு தாங்காது சார்."

கூடம் சிரித்தது. சுபேதார் சிரிக்கவில்லை. "வெளியில போய்யா" என்றார்.

டீச்சருக்கு சுபேதாரைத் தடுக்கத் தைரியம் வரவில்லை, எங்களுக்கும் வரவில்லை. பாகிஸ்தான் சார் செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். "அப்ப வேற யாராவது அவங்களுக்குக் கைதட்டுங்க சார். ஆள் இல்லாம மட்டும் விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் ஆள் இல்லாமல்தான் விட்டோம். அன்றைக்கு ஆரம்பித்தது தோல்வி. அடுத்த மேட்சும் போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று. எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த ஏழுமலைதான் முதலில் வாயைத் திறந்தான்.

"இன்னா சார் இது, ஒரே பேஜாரா கீது. அந்த மன்சன் இங்க குந்திகினு இருந்தப்போ கெலிச்சிகினு இருந்தோம். அவரைத் தொரத்திவுட்ட அப்பால ஒண்ணுகூட வெளங்கலியே!"

அவர் மூலையில் உட்கார்ந்திருந்த காலத்திலும் பாதி மேட்ச் தோற்றோம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதையெல்லாம் யோசித்தால் நம்பிக்கை என்ன ஆவது? தெரு கூடிப் பேசியது. கடைசியில் சுபேதாரே மீசையை நீவிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். துணைக்கு நானும் ஏழுமலையும் போனோம்.

"மிஸ்டர், நாட்டுக்கு நீங்க தேவைப்படுறீங்க" என்றார் சுபேதார்.

வேறு யாராவது என்றால் வீறாப்புக் காட்டியிருப்பார்கள். இவர், "ஒரு நிமிஷம் சார், சட்டை போட்டுட்டு வந்துடறேன்" என்றார்.

அன்றைக்கு அவர் எதிரணிக்குக் கைதட்டிய தட்டலில் உள்ளங்கை இரண்டும் சிவந்துபோயின. நாம் ஜெயித்தோம். சுபேதார் எழுந்து நின்று அவருக்குப் பட்டாளத்து சல்யூட் ஒன்று அடித்தார்.

அதற்குப் பிறகு அந்த மூலை நாற்காலியில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. முதல் டீ அவருக்குத்தான். அவரும் வேலையில் சுத்தம். எதிரணி ஆட்டக்காரனின் பெண்டாட்டி பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்றுகூட வேண்டிக்கொள்வார். ஒருமுறை யார் வீட்டுக்கோ வந்திருந்த மருமகப்பிள்ளை, ரத்தம் கொதித்துப்போய் அவர் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். "அவ்ளோ ஆசையா இருந்தா அங்கயே போய்யா!" சுபேதார் பாய்ந்து வந்து கையைத் தட்டிவிட்டார். "தொடாதீங்க தம்பி. அவர் டூட்டியில இருக்கார்."

காலரைச் சரிசெய்துகொண்டு அவர் மறுபடி கைதட்ட ஆரம்பித்தார். ஆனால் முகம் மட்டும் வாடியிருந்தது. இடைவேளையில் டீ கொடுத்த ஸ்டெல்லா டீச்சரிடம் மெதுவாகச் சொன்னார். "டீச்சர், நான் பொறந்ததுலேர்ந்து நம்ம பசங்களுக்கு ஒரு தடவைகூடக் கைதட்டினதில்ல. சாகறதுக்குள்ள ஒரு நாள் 'இந்தியா'ன்னு வாய்விட்டுக் கத்திப் பார்க்கணும்." பக்கத்தில் இருந்த எனக்கும் அது காதில் விழுந்தது. இத்தனை வருஷம் வேடிக்கை பார்த்த எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

தொண்ணூறுகளில் அவருடைய கம்பெனியை ராணிப்பேட்டைக்கு மாற்றினார்கள். இவரும் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய மேட்ச். தோற்றால் கோப்பை போய்விடும். அவர் வழக்கம்போல மூலைக்குப் போகப்போனார். ஸ்டெல்லா டீச்சர் குறுக்கே நின்றார்.

"இன்னிக்கு அங்க வேணாம் சார். எங்களோட உக்காருங்க. நம்ம பசங்களுக்குக் கைதட்டுங்க."

ஏழுமலைக்குத்தான் தாங்கவில்லை. "டீச்சர், இன்னிக்குப் போயா? கப்பு போயிடுமே!"

எல்லோரும் சுபேதாரைப் பார்த்தோம். அவர் நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டார். "கப்பு அடுத்த தடவை வாங்கிக்கலாம். நீ வா, உக்காரு."

பாகிஸ்தான் சார் உட்கார்ந்தார். முதல் ஃபோருக்குக் கைதட்டக் கையைத் தூக்கினார். பயத்தில் தட்டாமலே இறக்கிவிட்டார். இரண்டாவதற்கு, "இந்தியா!" என்று கத்தினார். அந்த ஒல்லி உடம்புக்குள் அவ்வளவு பெரிய குரல் இருப்பது அன்றுதான் தெரிந்தது. அவ்வளவுதான், விக்கெட்டுகள் மளமளவென்று சரிந்தன. அவர் பதறி எழுந்தார். "சார், வேணாம் சார், நான் அந்தப் பக்கமே போயிடறேன்..."

சுபேதார் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "உக்காருய்யா. இது உன் நாடும்தான். தோத்தா சேர்ந்து தோப்போம்."

ஏழுமலை எல்லோரையும் முந்திக்கொண்டு, "நீ கத்து சார்!" என்றான்.

கடைசி விக்கெட் விழும்வரை அவர் கத்தினார், கூடவே நாங்கள் அத்தனை பேரும் கத்தினோம். அசிங்கமாகத் தோற்றோம். அப்படித் தோற்ற பிறகும் எங்கள் தெரு சிரித்துக்கொண்டே கலைந்தது அன்று ஒருநாள்தான். அவர் மட்டும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் இந்தியா ஜெயிக்கும்போது, ராணிப்பேட்டையில் அவர் எந்த மூலையில் உட்கார்ந்து எதிரணிக்குத் தட்டிக்கொண்டிருக்கிறாரோ என்று நினைத்துக்கொள்வேன். நினைத்துக்கொண்டு, அவர் பங்குக்கும் சேர்த்து நானே கொஞ்சம் பலமாகக் கைதட்டிவிடுவேன்.