ரமிஸ் வீட்டு விறகு குறையவில்லை

காபி கொதிப்பதற்குள் ஹைரியா மூன்றாவது கட்டையையும் அடுப்புக்குள் திணித்தாள்.

"காபிதானே போடற? இல்ல, முழு ஆட்டைச் சுடப் போறியா?" என்றார் ரமிஸ்.

"குளிருது."

"ஜன்னலைத் திறந்து வச்சா குளிராம என்ன பண்ணும்?"

"புகை வருது. அதான் திறந்தேன்."

"நீ திணிக்கிற திணிப்புல அடுப்புக்கே மூச்சு முட்டுது. புகை வராதா?"

ஹைரியா நாலாவது கட்டையைக் கையில் எடுத்தாள். இது குளிர் இல்லை, திட்டம் என்று ரமிஸுக்குத் தெரியும்.

எங்கள் மலைப்பக்கத்தில் விறகை வாசல் சுவரோரம், ரோட்டில் போகிறவர் கண்ணில் படும்படிதான் அடுக்குவோம். யார் வீட்டில் எவ்வளவு இருக்கிறது, யார் வீட்டில் எவ்வளவு கரைந்தது என்பதெல்லாம் ஊருக்கே மனப்பாடம். இலையுதிர் காலத்தில் ஒருவரைப் பார்த்தால் நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம், முதலில் "எத்தனை மீட்டர் போட்டீங்க?" என்றுதான் கேட்போம். ரமிஸ் பத்து கன மீட்டர் விறகு போட்டிருந்தார், அத்தனையும் நின்று எரியும் நல்ல பீச் மரம். இரண்டு வயசானவர்கள் இருக்கும் வீட்டுக்குப் பத்து மீட்டர் தாராளம். மே மாதம் யூர்யேவ் திருநாள் வரைக்கும் எரித்து, மிச்சமும் வைக்கலாம். ஹைரியா மனசு வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஹைரியா மனசு வைக்கவில்லை. எல்லாம் மகன் எல்வீர் வாயைத் திறந்ததால் வந்த வினை.

சரயேவோவில் குடியிருக்கும் எல்வீர், மனைவி அமெலாவோடு அக்டோபரில் வந்திருந்தான். அம்மா விறகைச் சுமந்துகொண்டு இடுப்பைப் பிடித்தபடி படியேறுவதைப் பார்த்துவிட்டான். சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னிலும் அறிவித்தான்:

"இந்த விறகு யூர்யேவுக்கு முன்னாடி தீர்ந்துச்சுன்னா பேச்சே கிடையாது. வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் எங்களோட வந்துடணும்."

"ஆமா அத்தை, உங்க வீடு மாதிரி நினைச்சுக்கங்க," என்றாள் அமெலா.

அன்றிலிருந்து ஹைரியாவுக்குக் கனவெல்லாம் அந்த நாலாம் மாடி வீடுதான். சுவரோரம் இரும்புப் பட்டை இருக்குமாம். ஒரு திருகு திருகினால் போதுமாம், வீடு முழுக்கச் சூடாம். சாம்பல் இல்லை, புகை இல்லை, பனியில் கால் வைக்க வேண்டாம்.

ரமிஸுக்கோ அது அறவே பிடிக்கவில்லை. நாலாம் மாடியில் என்ன செய்வது? அவருடைய பிளம் மரங்களை யார் கவாத்து பண்ணுவார்கள்? காலையில் எழுந்து வேலிக்கு அந்தப் பக்கம் யாரைத் திட்டுவது? இந்த வீட்டை விட்டு அவரைப் பெயர்ப்பது என்றால் விறகு தீர வேண்டும். ஆகவே விறகு தீரக்கூடாது.

முதலில் அவர் ஈர விறகை நம்பினார். ஈரக் கட்டை மெதுவாக எரியும், ஒன்று போட்டால் நெடுநேரம் நிற்கும் என்று கணக்குப் போட்டு, காயாத கட்டைகளை அடுப்பங்கரைக் கூடையில் முன்னால் வைத்தார். அது எரியவில்லை, அழுதது. புகை வீட்டை நிறைத்தது. ஹைரியா எல்லா ஜன்னலையும் திறந்தாள். திறந்த ஜன்னலுக்கு ஈடுகட்ட இரண்டு மடங்கு விறகு போட்டாள்.

அடுத்து ஒரு யோசனை வந்தது. கொஞ்சமாகத் தெரிந்தால் அவள் கை தானாகச் சுருங்கும் என்று நினைத்து, குவியலில் ஒரு நல்ல பங்கைப் பின்புறமாகக் கடத்திக்கொண்டு போய், நிலவறையில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்.

அன்று மாலை ஹைரியா போனில் பேசியது தெருமுனை வரை கேட்டது.

"எல்வீர் கண்ணு, பாதிக்கு மேல போயாச்சுப்பா! இன்னும் ஜனவரியே முடியல. பிப்ரவரியிலயே அங்க வந்துடுவோம் போல இருக்கு. அமெலாகிட்ட சொல்லு, சின்ன ரூமே எங்களுக்குப் போதும்."

போனை வைத்துவிட்டுப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். துணிகளை உதறி அடுக்கினாள். வாய் ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்தது. கல்யாணமான புதிதில் கேட்ட பாட்டு.

ரமிஸ் ஆடிப்போனார். அந்த வெள்ளிக்கிழமை ஹைரியா பக்கத்து வீட்டு ஷெம்ஸாவோடு கீழே சந்தைக்குப் போன நேரம் பார்த்து, நிலவறையில் ஒளித்ததை எல்லாம் முதுகு முறிய மேலே ஏற்றினார். பழையபடி அடுக்கினார். அடுக்கி முடித்து நிமிர முடியாமல், வளைந்த வாக்கிலேயே ஜும்ஆ தொழுகைக்கு ஓடினார்.

திரும்பி வந்தபோது ஹைரியா குவியலுக்கு முன்னால் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இது என்ன?"

"விறகு."

"காலையில இல்லையே?"

"ஒளிச்சு வச்சிருந்தேன். இப்ப வச்சுட்டேன். தப்புதான்."

"ஒளிச்சது இவ்வளவுதானா?"

ரமிஸ் பார்த்தார். அவர் அடுக்கியது ஜன்னலின் அடி விளிம்பு வரைக்கும்தான். இப்போது ஜன்னலில் பாதி மறைந்திருந்தது. முதுகு வலியில் எத்தனை அடுக்கினோம் என்றே தெரியவில்லை என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார்.

ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை சந்தை முடிந்து வந்தபோதும் குவியல் ஏறியிருந்தது. வாரம் முழுக்க ஹைரியா ஓயாமல் எரித்திருந்தாள். தினமும் தெருவுக்கே உருளைக்கிழங்கு அடைத்த பீட்டா பலகாரம் சுட்டாள். குளிர்காலத்தில் யாராவது கம்பளம் துவைப்பார்களா? அண்டா அண்டாவாக வெந்நீர் போட்டு அதையும் துவைத்தாள். வாரக் கடைசியில் சுவர் தெரிந்தது. வெள்ளிக்கிழமை போனது, சுவர் மறைந்தது.

"மனுஷா, நீ ஏமாத்துற," என்றாள் ஹைரியா.

"அல்லா மேல சத்தியமா நான் இல்ல!"

"அப்ப யாரு, வானத்துலேருந்து மலக்குங்க வந்து அடுக்கிட்டுப் போறாங்களா?"

"எனக்கு என்ன தெரியும்?"

"வெக்கமா இல்ல? வயசான காலத்துல பொய்ச் சத்தியம் வேற."

வீட்டுக்குள் நடந்த சண்டையாக இருந்தால் பரவாயில்லை. பிப்ரவரியில் குறையாத விறகு எங்கள் ஊரில் எப்பேர்ப்பட்ட அபகீர்த்தி என்று எங்களுக்குத்தான் தெரியும். அவனவன் குவியலின் அடியைப் பார்த்துக் கலங்கும் காலத்தில் ஒருத்தன் வீட்டில் மட்டும் ஏறுகிறது என்றால், அது இன்னொருத்தன் வீட்டில் இறங்குகிறது என்றுதான் அர்த்தம். ஊர் ஆளாளுக்குத் தன் வீட்டுக் குவியலை வெறித்துப் பார்த்தது. வெறித்துப் பார்த்தால் யார் குவியலும் குறைந்த மாதிரிதான் தெரியும்.

ஷெம்ஸா தன் வீட்டுக் கட்டை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே வந்துவிட்டாள். ரமிஸின் குவியலில் ஒவ்வொரு கட்டையாக ஒட்டி வைத்துப் பார்த்தாள்.

"ரமிஸ் அண்ணே, இந்தக் கணு என்னோட கணு மாதிரியே இருக்கே."

"எல்லா பீச்சுக்கும் கணு இருக்கும்மா."

"இந்தப் பட்டையும் என்னோட பட்டை மாதிரி..."

"ஏம்மா, விறகுக்கு அங்க அடையாளம் பார்க்கறியே, நான் எடுத்தேன்னு சொல்ல வர்றியா?"

"ஐயோ, நான் எங்கண்ணே சொன்னேன்? ஊர்ல பேசிக்கறாங்க."

பள்ளிவாசலிலும் அப்படித்தான். அவர் உட்கார்ந்த வரிசையில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். "ரமிஸ் அண்ணே, உங்க அடுப்பு காத்துல எரியுதா?" என்று ஒருத்தன் கேட்டான். நாலு பேர் சிரித்தார்கள். ரமிஸுக்கு மானமே போய்விட்டது. தொழுதுவிட்டு வரும் வழியெல்லாம் தனியாகத்தான் நடந்தார்.

இனி ஒரே வழிதான். குவியல் குறைய வேண்டும், அதுவும் ஊர் பார்க்கக் குறைய வேண்டும். மறுநாள் காலை ஹைரியா மூன்று கட்டை போட்டதும் ரமிஸ் வந்து இன்னும் மூன்று போட்டார்.

"உனக்கு என்ன ஆச்சு?" என்றாள் அவள்.

"குளிருது."

பிறகு என்ன, இருவரும் சேர்ந்து எரித்தார்கள். யாரும் படுக்காத மேல் அறையிலும் அடுப்பு மூட்டினார்கள். வெளியே மூக்கு நுனி உறைகிற குளிர், உள்ளே ரமிஸ் பனியனோடு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அலமாரியில் வெண்ணெய் உருகி ஓடியது. சுவர்ப் பூச்சு விரிசல் விட்டது. பூனை கதவைப் பிராண்டி வெளியே பனிக்குப் போனது, கூப்பிட்டும் வரவில்லை. கட்டை சுமந்து சுமந்து இருவருக்கும் கை மரத்துவிட்டது. வியாழக்கிழமைக்குள் சுவர் நன்றாகத் தெரிந்தது. ரமிஸ் ரோட்டில் போகிறவர்களைக் கூப்பிட்டு, "பாருங்க, குறைஞ்சிருக்கு," என்று காட்டினார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தால் ஜன்னல் முக்கால் பங்கு மறைந்திருந்தது.

ஹைரியா அடுப்பங்கரை முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். சண்டை போடக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

"எனக்குக் கை ஓஞ்சுபோச்சு மனுஷா. நீ எங்கேருந்து கொண்டு வர்றியோ, யாரைக் கேக்கறியோ, எனக்குத் தெரிய வேணாம். ஜெயிச்சுட்ட, போ."

"ஹைரியா..."

"இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து முதல்ல எழுந்திரிக்கிறவ நான்தான். நான் அடுப்பைப் பத்தவச்சாத்தான் நீங்க எல்லாரும் போர்வைய விட்டு வெளிய வருவீங்க. உங்க அம்மா, நீ, எல்வீர், எல்லாரும். ஒரே ஒரு குளிர்காலம், யாரோ மூட்டின சூட்டுல நான் எழுந்திரிக்கணும்னு ஆசைப்பட்டேன். அதுக்கா இவ்வளவு பண்ணின?"

ரமிஸ் அவள் கைகளைப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் கரி. எத்தனை கழுவினாலும் போகாத கரி. இத்தனை வருஷமும் கண்ணுக்கு முன்னால் இருந்தும் தான் பார்க்கவே இல்லையே என்று அவருக்கு உறைத்தது.

"சரி, போகலாம்," என்றார்.

"எங்க?"

"எல்வீர் வீட்டுக்கு. விறகு இருந்தா இருக்கட்டும், கிடக்கட்டும். நாம போகலாம்."

"நிஜமாத்தான் சொல்றியா?"

"நிஜமாத்தான். ஆனா திருட்டுப் பட்டத்தோட இந்த ஊரை விட்டுப் போக மாட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை நான் தொழுகைக்குப் போகல, நீ சந்தைக்குப் போகல. யாருன்னு பார்த்துடுவோம். ஷெம்ஸாவையும் கூப்பிடு. அவ பார்த்தா ஊரே பார்த்த மாதிரி."

அந்த வெள்ளிக்கிழமை மூவரும் அடுப்பங்கரைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஷெம்ஸா கையோடு காபிக்குச் சர்க்கரைக்கட்டி கொண்டுவந்திருந்தாள். பாங்கு ஒலித்தது. ஆண்கள் பள்ளிவாசலுக்கும் பெண்கள் சந்தைக்குமாகத் தெரு காலியானது. கொஞ்ச நேரத்தில் ஒரு லாரி பின்பக்கமாக உறுமிக்கொண்டு வந்து வாசலில் நின்றது. ஊருக்கே விறகு போடும் ஜெமோ குதித்து இறங்கி, பின் கதவைத் தட்டித் திறந்து, பரபரவென்று அடுக்க ஆரம்பித்தான்.

"ஜெமோ!" என்று கத்திக்கொண்டே ரமிஸ் வெளியே பாய்ந்தார்.

ஜெமோவின் கையில் இருந்த கட்டை அவன் காலிலேயே விழுந்தது.

"அடடா! அண்ணே, நீங்க தொழுகைக்குப் போகலியா?"

"யார் விறகுடா இது?"

"உங்களோடதுதான்."

"நான் கேக்கவே இல்லையே! நீ சொன்னியா, ஹைரியா?"

"நான் சொல்லுவேனா?" என்றாள் ஹைரியா.

"அப்ப என்னோடதா?" என்றாள் ஷெம்ஸா.

"உங்களோடது இல்லக்கா, நீங்க சும்மா இருங்க," என்று ஜெமோ காலைத் தேய்த்துக்கொண்டான். "அண்ணே, சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட வாக்கு வாங்கியிருக்காங்க."

"டேய், ஊரே என்னைத் திருடன்னு சொல்லுது. என் முகத்தைப் பார்த்துட்டு அப்புறம் வாக்கைப் பத்திப் பேசு."

ஜெமோ அவர் முகத்தைப் பார்த்தான்.

"உங்க மருமகதான் அண்ணே. அமெலா. ஜனவரியிலேருந்து வாராவாரம் அதுதான் போடச் சொல்லுது."

ஹைரியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"பார்த்தியா மனுஷா? பாதி போயிடுச்சுன்னு நான் போன்ல சொன்னேன்ல? நாம குளிர்ல கிடந்து நடுங்கக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு..."

இந்தக் குளிர்காலம் முழுக்க எந்த வீட்டுக்குப் போகக் கூடாது என்று ஓடி ஒளிந்தாரோ, அந்த வீட்டுப் பெண் இப்படி நினைத்திருக்கிறாளே என்று ரமிஸுக்கு வெட்கமாக இருந்தது.

"நல்ல பொண்ணுதான்," என்றார். "நான்தான் புரிஞ்சுக்கல. எல்வீருக்குப் போன் போடு ஹைரியா. ஞாயித்துக்கிழமையே வண்டியோட வரச் சொல்லு."

"எனக்கும் ஒரு மருமக வாய்ச்சிருக்காளே," என்று ஷெம்ஸா மூக்கைச் சிந்தினாள்.

ரகசியம் வெளியே வந்த நிம்மதியில் ஜெமோவும் முகம் மலர்ந்து, அடுத்த கட்டையைத் தூக்கினான்.

"தங்கமான பொண்ணு அண்ணே. வாரம் தவறாம போன் பண்ணிக் கேக்கும். சொல்றதும் ஒண்ணே ஒண்ணுதான்: 'எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல அண்ணே, குவியல் மட்டும் குறையவே கூடாது. குறைஞ்சா ரெண்டு பேரும் இங்க வந்துடுவாங்க.'"