கேரள எல்லைக்குள் அசையாதவர்

அறுபது வயது கடந்தவர்களின் சிறுநீரகங்கள் போதிய அளவு நடப்பதில்லை என்பது மேலிடத்தின் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. சிறுநீரகம் தானாக நடக்காது, அதை வைத்திருக்கிற ஆள்தான் நடக்கவேண்டும் என்பதை ஒரு நிபுணர் குழு இரண்டு வருடம் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தது. அதன் பலனாக 'முதியோர் சிறுநீரக நல அசைவுத் திட்டம்' பிறந்து, பல மேசைகளில் படுத்து எழுந்து, பாறசாலைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கல்லுவிளை பஞ்சாயத்துக்கு வந்து சேர்ந்தது.

கல்லுவிளை தங்கப்பனுக்கு வயது அறுபத்தேழு. தொழில் ரப்பர் பால்வெட்டு. வெளுக்கும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு முந்நூற்றைம்பது மரத்தைச் சுற்றி வெட்டுவார். பால் வடிந்ததும் வாளியோடு இன்னொரு சுற்று. இப்படிப்பட்டவருக்கும் சிறுநீரகத்தில் கொஞ்சம் கோளாறு வந்துவிட்டது. ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஒன்று புள்ளி ஆறு, அது ஏறக் கூடாது. நெய்யாற்றின்கரையில் பார்த்த டாக்டர், "இந்த நடைதான் இதை இவ்வளவில் பிடித்து நிறுத்தியிருக்கிறது, வெட்டை விட்டுவிடாதீர்கள்" என்றார். பிரஷர் மாத்திரை தப்பக் கூடாது, மாதம் ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

ரத்தம் பார்க்கப் போனால் அன்றைய வெட்டு போச்சு. அதனால் தங்கப்பன் இரண்டு மாதமாகப் போகவில்லை. மனைவி சுகுமாரி நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன் டயாலிசிஸ் படுக்கையில் கிடந்த மூன்று வருடமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். திட்டத்தில் சேர்ந்து அட்டை வாங்கினால் ஊர் சுகாதார நிலையத்திலேயே ரத்தமும் பார்க்கலாம், மாத்திரையும் கிடைக்கும் என்று கேள்விப்பட்டதும் புருஷனைப் பிடித்துத் தள்ளாத குறையாகப் பஞ்சாயத்து ஆபீசுக்கு அனுப்பினாள்.

திட்ட அலுவலர் சதாசிவன், முதுகில் வெள்ளைத் துண்டு போர்த்திய நாற்காலியில் இருந்தார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து பதினொரு வருடம். படிவத்தை எடுத்தார்.

"சேட்டனுக்கு உடலசைவு உண்டா?"

"உண்டு சாறே. தினமும் முந்நூற்றைம்பது மரம் வெட்டுதேன்."

சதாசிவன் பேனாவை மூடினார். "அப்போ பற்றாது, சேர முடியாது. இது அசைவில்லாதவங்களுக்கு உள்ள திட்டமாக்கும்."

"எனக்க கிட்னிக்கு கேடு உண்டு சாறே."

"அது ரெண்டாம் பத்தி. அசைவில்லாமைதான் முதல் பத்தி. முதல் பத்தியத் தாண்டாம ரெண்டாம் பத்திக்கு எப்படிப் போவ முடியும்?"

"அப்போ நான் என்ன செய்யணும்?"

"தொண்ணூறு நாள் அனங்காம, அசையாம இருக்கணும். அசைவின்மைச் சான்றிதழ் வாங்கணும். அதுக்குப் பொறவு நாங்க ஒங்கள அனக்குவோம்."

"அத்தன நாள் அனங்காம இருந்தா உள்ள கிட்னியும் போவுமே சாறே?"

"போனா நல்லதாக்கும். மூணாம் பத்தியில முன்னுரிமை உண்டு."

வெளியே வந்த தங்கப்பன், மனு எழுதும் கனகதாஸிடம் போய் உட்கார்ந்தார். கனகதாஸ் எழுதிய மனுவுக்குப் பதில் வராமல் போகலாம், ஆனால் எந்த மனுவையும் அவர் எழுத மறுத்ததில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"நீரு மரம் வெட்டுகது எங்க?"

"எனக்க வீட்டுக்குப் பொறத்த. எல்லைக்கல்லத் தாண்டி அம்பது அடி."

"அது தமிழ்நாடு. கேரளத்துல நீரு என்ன செய்யுதீரு?"

தங்கப்பன் யோசித்தார். "கஞ்சி குடிப்பேன். பின்ன ஒறங்குவேன்."

"அப்போ கேரளத்துல ஒமக்கு அசைவு இல்லல்லா? போடும் கையெழுத்த!"

மனுவைப் படித்த சதாசிவன் சர்க்குலர் கட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு கள ஆய்வுக்கு ஜீப்பில் வந்தார். மத்தியானம் இரண்டு மணிக்குத் தங்கப்பன் வாய் பிளந்து உறங்குவதை அரைமணி நேரம் நேரில் கண்டார். சுகுமாரி கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு, "அடுத்த மாநிலத்து அசைவில் தலையிட எனக்கு அதிகாரம் இல்லை" என்று குறிப்பெழுதினார். 'மேற்படி நபர் கேரள மாநில எல்லைக்குள் குறிப்பிடத்தக்க அசைவு ஏதுமற்றவர் எனச் சான்றளிக்கப்படுகிறது' என்ற தாள் முத்திரையோடு வந்தது. சுகுமாரி அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்து ஒரு நாள் பூசை செய்தாள்.

தங்கப்பன் முதல் பத்தியையும் இரண்டாம் பத்தியையும் சேர்ந்தாற்போல் தாண்டினார். அட்டை வந்தது, கையில் கட்ட ஒரு கடிகாரமும் வந்தது. கடிகாரம் மணி காட்டியதைவிட அடிகளைக் காட்டியதுதான் அதிகம். மாதத்தில் இத்தனை அடி நடந்திருக்க வேண்டும், குறைந்தால் அட்டை ரத்து. கடிகாரத்தைக் கழற்றக் கூடாது. அதற்குள்ளே எல்லை தெரியும். கல்லைத் தாண்டினால் 'வெளிமாநிலம்' என்று காட்டிவிட்டு எண்ணுவதை நிறுத்திவிடும்.

முதல் நாள் தங்கப்பன் மேடும் பள்ளமும் ஏறி இறங்கி, எட்டு மணிக்குத் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். வீட்டிலிருந்து கல் வரைக்கும் போய்வந்த அடிகள் மட்டும் இருந்தன. சதாசிவனிடம் ஓடினார்.

"காலத்த ஆறரைக்குப் பஞ்சாயத்து மைதானத்துல ஸும்பா டான்ஸ் உண்டு. அங்க வாரும்," என்றார் சதாசிவன்.

"ஆறரைக்கு நான் மரத்துல இருப்பேனே சாறே. வெயில் ஏறினா பால் வடியாது."

"பால்வெட்டு தொழில். தொழில் உடற்பயிற்சி ஆகாது. சர்க்குலர் உண்டு."

வீட்டில் இரண்டு நாள் பேச்சு நடந்தது. "மரம் போனா வேற மரம் உண்டு. எனக்க அண்ணனுக்கு வந்தது ஒங்களுக்கும் வரப்பிடாது," என்று சுகுமாரி அழுதாள். தங்கப்பன் மறுநாள் வெட்டுக்குப் போகவில்லை. பால்வெட்டும் கத்தியைக் கழுவித் துடைத்துக் கூரை இறப்பில் செருகினார். தோட்டக்காரர் மரங்களை வேறு ஆளிடம் கொடுத்தார்.

ஸும்பாவுக்கு ஜிஜி என்ற பெண் நெய்யாற்றின்கரையிலிருந்து ஸ்கூட்டரில் வந்தாள். வருகைப் பதிவுக்குப் பத்து நிமிஷம், பேனர் கட்டப் பத்து நிமிஷம், மேலிடத்துக்கு அனுப்பப் படம் எடுக்கப் பத்து நிமிஷம். மீதிப் பத்து நிமிஷம் எல்லாரும் இடுப்பை ஆட்டினார்கள். ஓய்வுபெற்றவர்கள் எல்லாம் புது ஷூவும் தலையில் பட்டையுமாக வந்தார்கள். வழியில் பார்த்தால் 'சோறு தின்னாச்சா' என்று கேட்ட ஊர், 'எத்தன ஆச்சு' என்று கேட்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டு ரத்னபாய் தன் கடிகாரத்தை ஆட்டின் கழுத்தில் கட்டிவிட்டாள். ஆடு கல்லைத் தாண்டிப் புல் மேயப் போக, முன் அனுமதியின்றி வெளிமாநிலம் சென்றதற்கு ரத்னபாய்க்கு நோட்டீஸ் வந்தது.

ஏழரை மணிக்கு வீடு திரும்பும் தங்கப்பனுக்கு அப்புறம் வேலை இல்லை. உட்கார்ந்தார். டி.வி. பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார். ஒரு மாதத்தில் வேட்டி இடுப்பில் இறுகியது, படியேறினால் மூச்சு வாங்கியது. ஸும்பாவின் அடிகள் இலக்கில் பாதிக்குக்கூட எட்டவில்லை. இப்படிப் போனால் அட்டையும் போய்விடும். மரத்தையும் விட்டு அட்டையும் போனால் சுகுமாரியின் முகத்தில் எப்படி விழிப்பது?

அந்த மாதக் கடைசி நாளில்தான் திட்டத்தின் வெற்றி விழா. எதில் வெற்றி என்று அழைப்பிதழில் இல்லை. முதியோர் அனைவரும் பஸ்ஸில் கொண்டுவரப்பட்டு, காலை பத்து மணிக்கே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார வைக்கப்பட்டார்கள். பெரிய அதிகாரி இரண்டு மணிக்கு வந்தார். தண்ணீர் பாட்டில்கள் மேடையில் மட்டும் இருந்தன. கழிப்பறைச் சாவி, அதிகாரியை வரவேற்கப் போனவரின் பாக்கெட்டில் இருந்தது. தங்கப்பன் எழுந்தபோது சதாசிவன் ஓடிவந்து தோளை அமுக்கினார்.

"சேட்டா, சிறுநீரகத்தைப் பத்தித்தான் பேசுதாரு. இடையில எழும்பினா மரியாதைக் கேடு. கை தட்டுங்க."

தங்கப்பன் தட்டினார். பேச்சில் ஒரு வரிக்கு ஒரு தட்டு. அடக்கிக்கொண்டிருந்ததால் வேகமாகத் தட்டினார். ஏதோ துடித்த மாதிரி இருக்கவே மணிக்கட்டைப் பார்த்தார். கடிகாரத்தில் அடிகள் ஏறிக்கொண்டிருந்தன! தட்டத் தட்ட ஏறின. பக்கத்தில் இருந்த ஆளுக்குக் காட்டினார். அவர் அடுத்தவருக்குக் காட்டினார். பிறகு அந்தப் பந்தலில் எழுந்த கைதட்டலை அந்த அதிகாரி தம் வாழ்நாளில் கேட்டிருக்க மாட்டார். அவர் பேசி முடித்து உட்கார்ந்த பின்னும் நிற்கவில்லை. கண் கலங்கி மறுபடி எழுந்து பேசினார்.

அன்று மாலை கணினியைப் பார்த்த சதாசிவனுக்கு நம்ப முடியவில்லை. ஒரே நாளில் இத்தனை அசைவு எந்தப் பஞ்சாயத்திலும் பதிவானதில்லை. கல்லுவிளைக்கு முதல் பரிசு. 'நாற்காலியில் அமர்ந்தவாறு கைதட்டுதல்' அங்கீகரிக்கப்பட்ட உடற்பயிற்சியாகச் சர்க்குலரில் ஏறியது. மைதானத்தில் தினமும் ஒருவர் பேச, மற்றவர்கள் தட்டுவது என்று ஏற்பாடாயிற்று. பேச ஆளுக்குப் பஞ்சமே இல்லை. தங்கப்பனின் அட்டை ஒரு வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது.

மறு மாதம் சுகாதார நிலையத்தில் நர்ஸ் ஷீனா ரத்தம் எடுத்தாள். மூன்று நாள் கழித்து முடிவைக் கையில் கொடுக்கும்போது அவள் முகம் சரியில்லை.

"மாமா, ஒண்ணு புள்ளி ஆறு இருந்தது ரெண்டு புள்ளி ஒண்ணு ஆயிருக்கு. பிரஷரும் கூடுதல். நீங்க ஒண்ணும் அனங்குகது இல்லியா?"

தங்கப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சட்டைக் கையை மேலே தள்ளி, மணிக்கட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"கண்ணு தெரியாதா மக்கா? நேத்து மட்டும் எட்டாயிரம் அடியாக்கும். ஒனக்க மெஷினுக்குத்தான் கேடு."