மாப்பிள்ளை வீட்டில் நான் வாய் திறக்காத காரணம்

சிவமயம்

தச்சநல்லூர்

மதிப்புக்குரிய குமரகுருபரன் அண்ணாச்சி அவர்களுக்கு, தச்சநல்லூர் சங்கரசுப்பிரமணியன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. சம்பந்தி என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியாததால் அண்ணாச்சி என்று எழுதியிருக்கிறேன். இங்கு என் மனைவி பிரம்மநாயகியும் மகள் விஜயஸ்ரீயும் சுகம். நானும் வாயைத் தவிர மற்றபடி சுகம். ஸ்ரீவைகுண்டத்தில் தாங்களும் மதினி அவர்களும் தங்கள் மகன் தம்பி சிவசைலமும் குறைவின்றி இருக்க நெல்லையப்பர் துணை நிற்பார்.

சென்ற மாதம் நாங்கள் தங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தபோது, உட்கார்ந்தது முதல் எழுந்தது வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மதினி கொண்டுவந்து வைத்த முறுக்கைக் கடிக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதைத் தாங்கள் பார்த்தீர்கள். தாங்கள் பார்த்ததை நானும் பார்த்தேன். “எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், பிள்ளைய ரெண்டும் நல்லா இருந்தாப் போதும், நீங்க என்ன சொல்லுதிய?” என்று தாங்கள் பெருந்தன்மையோடு கேட்டபோது, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். தம்பி சிவசைலம் காலில் விழுந்தபோது ஆசீர்வாதம் செய்யாமல் கொல்லைப்புறத்துக்கு ஓடினேன். அதன்பிறகு நான் போன் செய்யும்போதெல்லாம் மதினிதான் எடுத்து, “அவிய வெளிய போயிருக்காவ” என்கிறார்கள். இடையில் நின்று பேசிய சங்கிலிபூதத்தானை அனுப்பிப் பார்த்தேன். அவர் திரும்பிவந்து, “அங்க அண்ணாச்சி யார்ட்டயும் பேசவே மாட்டேங்காவ, வே. அம்புட்டு மனவருத்தம் போலிருக்கு” என்றார். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நான் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பது தாங்கள் அறிந்ததே. வேலையில் இருந்த காலமெல்லாம் வாய்க்கால் தூர் வாருவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன். எதையும் அழுத்தித் தேய்த்தால்தான் சுத்தம் என்பது என் கொள்கை. கடையில் இருப்பதிலேயே விறைப்பான பிரஷ்ஷாகக் கேட்டு வாங்குவேன். நான் காலையில் பல் விளக்கும் சத்தம் பக்கத்து வீட்டு முகம்மது மைதீனுக்குக் கேட்கும். அதைக் கேட்டுத்தான் அவர் பால் வாங்கக் கிளம்புவார். “ஏங்க, பல்லு வெளக்குதியளா, செவுத்தச் சொரண்டுதியளா?” என்று பிரம்மநாயகி கேட்பாள். ஈறில் இரத்தம் வந்தால், கெட்ட இரத்தம் போகிறது என்று திருப்திப்படுவேன். இராத்திரியில் பல் விளக்கும் பழக்கம் கிடையாது. தூங்கப் போகிறவன் யாரிடம் பல்லைக் காட்டப் போகிறான் என்று விட்டிருந்தேன்.

தங்கள் வீட்டில் சிரிக்க வேண்டியிருக்குமே, பல் பளிச்சென்று இருக்கட்டும் என்று உமிக்கரியையும் கல் உப்பையும் சேர்த்து இடித்து, முன்கூட்டியே தேய்க்க ஆரம்பித்தேன். பல் வெளுத்த மாதிரி தெரிந்தது. உற்சாகத்தில் இன்னும் தேய்த்தேன். புறப்படுகிற அன்று காலையில் பார்த்தால் ஈறு தக்காளி மாதிரி வீங்கியிருக்கிறது. பிரம்மநாயகியிடம் சொன்னால் ஏசுவாள், பயணமும் நின்றுபோகும், நல்ல காரியம் தடைபட்டது என்று நாலு பேர் பேசுவார்கள். யாருக்கும் தெரியாமல் கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வாயில் வைத்தேன். கொஞ்சம் தாராளமாக நனைத்துவிட்டேன் போலிருக்கிறது. பஸ் செய்துங்கநல்லூர் தாண்டும்போது உதடும் நாக்கும் என்னுடையவையாக இல்லை. தங்கள் வாசலில் நின்று ‘வணக்கம்’ என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன், காற்றுதான் வந்தது. அதோடு இரத்தக் கசிவு வேறு; பின்னால் கொல்லைப்புறத்துக்கு ஓடியதும் அதைத் துப்பத்தான். கல்யாணம் பேச வந்த இடத்தில் பல்லெல்லாம் சிவக்கச் சிரிக்கிற மாமனார் யாருக்கு வேண்டும்? வாயை மூடிக்கொண்டு இருப்பதே மரியாதை என்று முடிவு செய்தேன். அது இப்படி ஆகும் என்று எனக்குத் தோன்றவில்லை அண்ணாச்சி.

ஊர் திரும்பியும் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் சாயங்காலம், பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு வந்த விஜயஸ்ரீ தோள்பையைக்கூட இறக்கி வைக்காமல் என் எதிரே வந்து நின்றாள்.

“அப்பா, ஒங்களுக்கு அந்த வீடு பிடிக்கலேன்னா சொல்லிருங்க. நான் அவங்ககிட்ட பேசி முடிச்சிருதேன்.”

“முடிச்சிருதேன்னா?”

“வேண்டாம்னு சொல்லிருதேன்.”

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பையின் வாரை மட்டும் விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. வாயைத் திறந்து காட்டினேன். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தவள், “இதுக்காப்பா?” என்றாள். பிறகு அங்கனயே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

மறுநாளே பாளையங்கோட்டையில் பல் டாக்டர் மும்தாஜ் பேகத்திடம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். டாக்டர் ஒரு பொம்மைத் தாடையையும் பிரஷ்ஷையும் கையில் கொடுத்து, வீட்டில் எப்படித் தேய்ப்பீர்களோ அப்படித் தேய்த்துக் காட்டுங்கள் என்றார். தேய்த்தேன். தாடை கையைவிட்டுத் துள்ளி, உருண்டு, கதவோரம் போய் நின்றது. அவர் கோபப்படவில்லை. எடுத்துவந்து மேசையில் வைத்துவிட்டு, “ஐயா, இப்படித் தேச்சா ஈறு பயந்து மேல ஏறிரும். ஏறினது தானா எறங்காது. ரத்தம் வருதது ஈறு ஓரத்துல அழுக்கு நிக்கதுனால. எடுக்கத்தான் வேணும், ஆனா பைய எடுக்கணும்” என்றார். மெத்தென்ற பிரஷ், பட்டாணி அளவு பேஸ்ட், ஈறு ஓரத்தில் சாய்த்துச் சின்னச் சின்ன வட்டமாக, காலையிலும் படுக்கப் போகுமுன்னும். இராத்திரி எதற்கு என்று கேட்டேன். “தூங்கும்போது எச்சில் ஊறுதது கொறஞ்சிரும். அழுக்கு அப்படியே தங்கிரும்” என்றார். சட்டென்று விளங்கிவிட்டது. நீரோட்டம் குறைந்தால் வண்டல் படியும். உத்தியோக காலம் முழுக்க நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட விஷயம், சொந்த வாயில் தெரியாமல் போயிற்று. பல்லில் கல்மாதிரி படிந்திருப்பதை எடுக்க வேண்டும் என்றபோது, எடுத்தால் பல் ஆடுமே என்று தயங்கினேன். “கல்லு ஒங்க பல்லத் தாங்கிக்கிட்டு இருக்கல ஐயா, ஈறத் தள்ளிக்கிட்டு இருக்கு” என்றார். எடுத்தாயிற்று.

இப்போது நான் பல் விளக்குவது எனக்கே கேட்பதில்லை. முகம்மது மைதீன் வீடு தேடி வந்து, “என்ன அண்ணாச்சி, சத்தத்தக் காணோம், ஒடம்புக்கு முடியலையோன்னு பாக்க வந்தேன்” என்று விசாரித்துவிட்டுப் போனார். பல்லிடுக்குக்கு டாக்டர் கொடுத்த குட்டிப் பிரஷ்ஷை, எனக்கென்று தெரியாமல் பிரம்மநாயகி மிக்சி மூடி கழுவ எடுத்துவிட்டாள். வேறு வாங்கிக்கொண்டேன். நேற்று கொய்யாப்பழம் கடித்தேன். பழத்தில் சிவப்பு இல்லை.

ஒன்றை மட்டும் நம்புங்கள் அண்ணாச்சி. தம்பி சிவசைலத்தை எனக்கு வாசலிலேயே பிடித்துவிட்டது. வெயிலில் கிடந்த எங்கள் செருப்புகளையெல்லாம் யாரும் சொல்லாமலே எடுத்து நிழலில் போட்டார். அதைப் பாராட்டத்தான் வாயைத் திறக்கப் பார்த்தேன், முடியவில்லை. என் மௌனத்தை மனதில் வைத்துக்கொள்ளாமல் ஒரு வார்த்தை பேசுங்கள். மதினி அவர்களுக்கு என் வணக்கம். தம்பிக்கு நான் அன்று கொடுக்காமல் ஓடிய ஆசீர்வாதம் இந்தக் கடிதத்தோடு வருகிறது. எல்லாப் பேறும் பெற்று நெடுங்காலம் வாழட்டும்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
சங்கரசுப்பிரமணியன்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் விஜயஸ்ரீயிடம் படித்துக் காட்டினேன். “அப்பா, மாமா கோவத்துலயா இருக்காவ? முன்பல்லு ரெண்டும் எடுத்திருக்காவளாம். பல்செட்டு வாரவரைக்கும் யார்ட்டயும் பேச மாட்டேன்னு உள்ளயே இருக்காவளாம். அவங்க நேத்துதான் போன்ல சொன்னாங்க” என்கிறாள். அவங்க என்று அவள் சொல்வது தம்பி சிவசைலத்தைத்தான். சமையலறையில் இருந்து பிரம்மநாயகி, ஆவணியில் நல்ல நாள் பார்த்து, மண்டபத்துக்கும் சொல்லியாயிற்று, மதினியும் அவளும் தினமும் போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்கிறாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க எங்க வாயத் தொறந்து கேட்டிய?” என்றாள். ஆக, சம்பந்தி, நாம் இரண்டு பேரும் வாயே திறக்காமல் நம் பிள்ளைகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது.