தராசண்ணையின் மூத்த சன்னமும் இளைய சன்னமும்

துவக்கால் சுடுவதைப் பற்றி இவ்வளவு யோசித்து, இவ்வளவு குறைவாகச் சுட்ட மனிதர் ஜேர்மனி முழுவதிலும் தராசண்ணை ஒருவர்தான். யாருக்காவது இதில் சந்தேகம் இருந்தால் ஹம் நகரத்துக்கு வரட்டும். நான் நேரே சொல்கிறேன்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாருக்கும் மனைவி றீற்றாவுக்கும் அது ஞாபகம் இருக்கலாம். எங்களுக்கு அவர் தராசண்ணை. சட்டைப் பையில் தீப்பெட்டி அளவில் ஒரு மின்தராசு எப்போதும் இருக்கும். தமிழ்க் கடையில் பச்சை மிளகாயை ஒவ்வொன்றாக நிறுத்துத்தான் வாங்குவார். ஒரு கலியாண வீட்டில் தன் பலகாரப் பையையும் பக்கத்துக் கதிரைக்காரரின் பையையும் நிறுத்துப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையையே மேடையிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, உங்கடை ஆக்கள் பயித்தம்பணியாரத்தை ஒரே அளவிலை பிடிக்கேல்லை. இஞ்சை பாருங்கோ." மாப்பிள்ளை மாலையோடு குனிந்து பார்த்தார். பாவம், வேறென்ன செய்வார்?

வயதில் அவர் எனக்கு இளையவர். ஆனாலும் ஊரோடு சேர்ந்து நானும் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை அக்கா என்பார். இப்படி ஒருவரையொருவர் மூத்தவராக்கி இரண்டு பேரும் மரியாதையாக இருந்தோம்.

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் கடந்து வந்த சனம் நாங்கள். இந்த மனிதரோ, தொழிற்சாலையில் கடைசல் வேலை முடிந்து ஓய்வூதியம் எடுத்த கையோடு, சந்தா கட்டி, துவக்குச் சத்தம் கேட்கிற ஜேர்மன் சங்கத்தில் போய்ச் சேர்ந்தார். றீற்றா மூக்கைச் சிந்திக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, கேளுங்கோ இந்த மனுசனை. அங்கை இதுக்குத்தானே பயந்து ஓடினனாங்கள்?"

"இது சண்டை இல்லையப்பா, கணக்கு," என்றார் அவர். "அவ்வளவு தூரத்திலை ஒரு சின்னக் கடுதாசி. அதின்ரை நடுவிலை ஓட்டை போடவேணும். அவ்வளவுதான்."

எனக்கு அந்தச் சங்கம் புதிதில்லை. அதன் குசினி சனிக்கிழமைகளில் என்னுடைய ராச்சியம். துப்புரவு வேலைக்கு என்றுதான் என்னை எடுத்தார்கள். நான் ஒரு நாள் வீட்டில் இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்துக் கொண்டுபோன ரோல்ஸை ஜேர்மன்காரர் நாலு பேர் சாப்பிட்டார்கள். அதோடு விளக்குமாற்றை வாங்கி வைத்துவிட்டுப் பொரிக்கிற தாச்சியைக் கையில் தந்தார்கள். அங்கே சுட்டு முடியும்வரை ஒருவரும் பியர் தொடக்கூடாது. ஆகவே அதுவரைக்கும் என் தேநீர்தான். நான் போடுகிற தேநீர் சும்மா சாயத்தண்ணீர் இல்லை. கரண்டியை விட்டால் சாயாமல் நிற்கும்.

தராசண்ணை கடையில் தோட்டா வாங்கமாட்டார். வீட்டு நிலக்கீழ் அறையில் தானே செய்வார். அதற்குப் படித்து, பரீட்சை எழுதி, கந்தோரில் டெர்மின் எடுத்து, அவர்கள் குறித்துத் தந்த நாளில் போய் நின்று, அனுமதி வாங்கவேண்டும். எல்லாம் செய்தார். கோது, அதற்குள் வெடிமருந்து, நுனியில் சன்னம். சன்னம் என்பது பறந்துபோய்க் கடதாசியில் படுகிற முனைத்துண்டு. ஒவ்வொன்றையும் நிறுத்து, அளந்து, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரித் துடைத்து வைப்பார். றீற்றா கேக் சுடுகிற குழித்தட்டு முழுக்கச் சன்னம். அந்த வீட்டில் பிறந்தநாள் கேக் கடையில்தான் வாங்கினார்கள்.

இப்படிச் சமாதானமாக இருந்தவருக்கு ஒரு நாள் இடி விழுந்தது. அவர் பாவிக்கிற சன்னத்தைச் செய்கிற கொம்பனி அதைக் கொஞ்சம் மாற்றிவிட்டது. அதே பெயர், அதே நிறை. மூக்கு மட்டும் இன்னும் கூர், வால் இன்னும் ஒடுக்கம். இரண்டையும் என் ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"பாருங்கோ அக்கா. இது மூத்தது. இது இளையது."

"ரெண்டும் ஒரு தாய் பிள்ளையள் மாதிரித்தானே கிடக்கு?"

"ஐயோ, என்ன கதை! இது காத்தைக் கிழிக்கிறது வேறை, அது கிழிக்கிறது வேறை. தூரம் போகப் போகத்தான் குணம் தெரியும்."

"மனுசரும் அப்பிடித்தான். றோலைச் சாப்பிடுங்கோ, ஆறுது."

இது நடந்த நேரத்தில்தான் சங்கத்தின் நெடுந்தூரக் குழுவில் ஒரு இடம் காலியானது. குழு என்றால் இராணுவத்தின் பெரிய மைதானத்துக்குப் போய், கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குச் சுடுகிறவர்கள். சேர்ந்த நாள்முதல் தராசண்ணை ஆசைப்பட்ட இடம் அது. அவரை ஒருமுறையும் எடுத்ததில்லை. "அவர் அளக்கிறவர், சுடுகிறவர் இல்லை," என்று சிரிப்பார்கள். இந்த முறை அவரும், தபாற்காரராக இருந்து இளைப்பாறிய ஒரு ஜேர்மன்காரரும் புள்ளியில் சமமாக நின்றார்கள். அந்த ஆளுக்கு விளக்குமாறு மாதிரி மீசை. மீசைக்காரர் எதையும் நிறுக்கமாட்டார், பெட்டியை உடைத்து இளைய சன்னத்தை அப்படியே பாவிப்பார். உயிர்த்த ஞாயிறு கழிந்து ஒரு சனிக்கிழமை இருவரும் சுடவேண்டும், கூடப் புள்ளி எடுத்தவர் குழுவுக்குள்.

மூத்ததா, இளையதா? தராசண்ணைக்கு நித்திரை போய்விட்டது. முதலில் மூத்ததைச் சுட்டுப் பார்த்தார். கடதாசியில் ஓட்டைகள் கோழி கிண்டின மாதிரிச் சிதறிக் கிடந்தன. பிறகு சில கிழமை கழித்து இளையதைச் சுட்டார். அத்தனையும் ஒரு பிஸ்கட் மறைக்கிற இடத்துக்குள். கடதாசியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடி வந்தார்.

"அக்கா! இளையதுதான்! இளையதுதான் திறம்!"

றீற்றாவுக்குப் புதுத் துணி எடுத்தபோதுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் நான் கண்டதில்லை. இளைய சன்னத்தில் பெட்டி பெட்டியாக வாங்கினார்.

உயிர்த்த ஞாயிறு வந்தது. அடுத்த சனிக்கிழமை இளைய சன்னமும் கோழி கிண்டியது. அதற்கடுத்த கிழமை இன்னும் மோசம். தராசண்ணை தலையில் கைவைத்துக்கொண்டு குசினி மரவாங்கில் குந்தியிருந்தார்.

"பெட்டிக்குப் பெட்டி மாத்துறாங்கள் அக்கா. கள்ளங்கள். கொம்பனிக்கு எழுதப்போறன்."

சொல்லிக்கொண்டே தேநீரை எடுத்தார். கோப்பை சாசரில் பட்டுக் கிணுகிணு என்றது. எனக்குப் படிப்பு நாலாம் வகுப்போடு சரி. ஆனால் காது இருக்கிறது. அந்தக் கிணுகிணு எனக்குப் பழக்கமான சத்தம். உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்தின நாற்பது நாள், தவக்காலம் முழுக்க, அது கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? தவக்காலத்தில் இந்த மனிதர் ஒறுத்தல் என்று தேநீரை விட்டிருந்தார். வெறும் சுடுதண்ணீர்தான் குடித்தார். மூத்ததைச் சுட்டது தவக்காலத்துக்கு முந்தி. இளையதைச் சுட்டது தவக்காலத்துக்குள்.

"அண்ணை, கொம்பனியை விடுங்கோ. கள்ளன் உங்கடை கையிலை இருக்கு."

"என்ன?"

"தேத்தண்ணி. அதைக் குடிச்சால் உங்களுக்குக் கை நடுங்குது. ஒறுத்தல் இருந்தபடியாத்தான் இளையது நேரே போனது."

அவர் எழும்பினார். முப்பது வருடம் இரும்பு கடைந்த கை அது.

"என்ரை கை நடுங்குதெண்டோ சொல்லுறியள்?"

"நான் சொல்லேல்லை. கோப்பை சொல்லுது."

கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனார். இரண்டு சனிக்கிழமை குசினிப் பக்கம் தலை காட்டவில்லை. நானும் கூப்பிடப் போகவில்லை. நான் ஏன் போகவேண்டும்? உண்மை சொன்னவள் நான்.

மூன்றாவது சனிக்கிழமை போட்டி. காலையில் யன்னலுக்கு வெளியே ஒரு தொண்டைச் செருமல்.

"அக்கா... வீட்டிலை தேத்தண்ணி குடிக்காமல் வந்து ரெண்டையும் திருப்பிச் சுட்டுப் பாத்தனான்."

"என்ன கண்டியள்?"

"ரெண்டும் ஒரே இடத்திலைதான் போகுது." செத்த வீட்டுச் செய்தி சொல்கிற குரல். "ஒரு வித்தியாசமும் இல்லை அக்கா."

"அப்ப நல்லதுதானே! உள்ளுக்கு வாங்கோ."

சுடுதண்ணீரை ஊற்றிக் கொடுத்தேன். கை கல்லுப் போல நின்றது. மூத்த சன்னத்தோடு சுடப்போவதாகச் சொன்னார். பழகினதாம். சரி, இன்றைக்கு இந்த மனிதர் குழுவுக்குள் என்று என் மனம் குளிர்ந்தது.

அப்போது மீசைக்காரர் வந்து, "நல்ல வாசனையாக இருக்கிறதே, எனக்கும் கிடைக்குமா?" என்று ஜேர்மன் மொழியில் கேட்டார். விருந்தாளி கேட்டால் இல்லை என்று சொல்கிற வழக்கம் என் வீட்டில் கிடையாது. ஊற்றினேன். கோப்பை முடிய மீண்டும் ஊற்றினேன். சீனியும் தாராளமாகப் போட்டேன். அவர் மீசையைத் துடைத்துத் துடைத்துக் குடித்தார்.

தராசண்ணையின் கண் அந்தக் கோப்பையில் விழுந்தது. பிறகு என் முகத்தில் விழுந்தது.

"அக்கா, உவருக்கு எத்தினை கோப்பை குடுத்தனீங்கள்?"

"மூண்டு. கேட்டவர், குடுத்தனான்."

"அவருக்கு மூண்டு, எனக்குச் சுடுதண்ணியோ? இதென்ன ஒப்பீடு? ரெண்டு பக்கமும் ஒரே நிலைமை இருக்கவேணும்!"

"விசர் மனுசா, பேசாமல் போய்ச் சுடுங்கோ!"

"ஏலாது. ஊத்துங்கோ."

நான் கேத்திலைப் பின்னால் ஒளித்தேன். அவரே எட்டி எடுத்தார். மூன்று கோப்பை, ஒன்றன்பின் ஒன்றாக, நின்றபடியே, மருந்து குடிக்கிற மாதிரி. நான் திட்டாத திட்டில்லை. ஜேர்மன்காரர்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

இரண்டு பேரும் சுட்டார்கள். இரண்டு கடதாசியையும் கோழிகள்தான் கிண்டியிருந்தன. அந்தச் சங்கத்தில் அவ்வளவு கேவலமான போட்டி நடந்ததில்லை என்று தலைவர் சொன்னார். கூட்டிப் பார்த்தபோது மீசைக்காரருக்கு ஒரு புள்ளி கூட. இடம் அவருக்கு.

நான் கேத்திலை அடுப்பில் அடித்து வைத்தேன். தராசண்ணை இரண்டு கடதாசியையும் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தபடி குசினிக்குள் வந்தார்.

"பாத்தியளோ அக்கா? நேர்மையான சோதனை. ரெண்டு கையும் ஒரே மாதிரி நடுங்கினது. அப்பிடியிருந்தும் இளையது ஒரு புள்ளி கூட. வித்தியாசம் இருக்கு! நான் அப்பவே சொன்னனான்!"

"இடம் கைவிட்டுப் போட்டுது அண்ணை."

"ஓம், அது போட்டுது." கடதாசி இரண்டையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார். கண் கலங்கினதோ என்னவோ, எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

நான் விடவில்லை. "சுட்டது ரெண்டு ஆள். துவக்கும் ரெண்டு. இதிலை சன்னத்தை எப்பிடி ஒப்பிடுறது?"

சிரிப்பு பாதியில் நின்றது. யோசித்தார். பிறகு முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"உண்மைதான் அக்கா. திருப்பி முதலிலையிருந்து தொடங்கவேணும். ஆரோடையும் போட்டியும் இல்லை இப்ப. ஆறுதலாச் செய்யலாம்."

அந்தக் கிழமை முழுக்க அவர்மேல் கோபமாகத்தான் இருந்தேன். அடுத்த சனிக்கிழமை குழித்தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் படியேறி வந்தபோது, எந்தச் சோதனைக்கும் வசதியாக இருக்கட்டும் என்று ஒரு கேத்திலில் தேநீரும் இன்னொன்றில் வெறும் சுடுதண்ணீரும் தயாராக வைத்திருந்தேன்.