ஆலோசகர் வீட்டு மொய் விருந்து

வாசலில் குட்டி யானை வண்டி வந்து நின்றதும் பஞ்சநதம் பாதிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"சார், வைத்தியலிங்கம் அண்ணன் மில்லுலேர்ந்து அனுப்புனாங்க. ரெண்டு மூட்டை பொன்னி. எங்க இறக்கட்டும்?"

"அரிசியா? நான் காசுல்ல கேட்டேன்!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். கதவை நல்லாத் தொறங்க."

மூட்டைகள் ஆபீஸ் அறைக்குள் போயின. ஆபீஸ் என்றால், பட்டுக்கோட்டையில் அவர் வீட்டு முன்னறைதான். வாசலில் போர்டு தொங்கியது: ‘பஞ்சநதம், தொழில் ஆலோசகர்’. சென்னையில் ஒரு கம்பெனியில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு, இனி யாரிடமும் கைகட்டி நிற்கப்போவதில்லை என்று ஊருக்கு வந்தவர். வந்து ஏழு வருஷம் ஆகிறது. யாரிடமும் கைகட்டி நிற்கவில்லை. கை நீட்டிக்கொண்டுதான் நின்றார்.

மொத்தம் ஐந்து வாடிக்கையாளர்கள். ஐந்து பேரும் சேர்த்துத் தரவேண்டிய பாக்கி ஒன்றரை லட்சம். மகள் குந்தவைக்குத் திருச்சியில் காலேஜ் ஃபீஸ் தொண்ணூறாயிரம். இருபதாம் தேதிக்குள் கட்டாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

மனைவி பிரகதீஸ்வரி வந்து மூட்டைகளைப் பார்த்தாள்.

"போன மாசம் ஜெக்கரியா பாய் ஒரு கூடை கருவாடு. இந்த மாசம் அரிசி. இன்னும் புளி மட்டும் யாராச்சும் குடுத்தா, காலேஜ்ல போயி கருவாட்டுக் குழம்பு வச்சுக் குடுத்துட்டு வந்துரலாம்."

"கிண்டல் பண்ணாத பிரகா. நாப்பது பக்கம் ரிப்போர்ட் எழுதிக் குடுத்தேன் வைத்தியலிங்கம் அண்ணனுக்கு. மில்லுல போயிப் பாத்தா, உமி மூட்டை ஆடாம இருக்க அதை அடியில முட்டுக் குடுத்து வச்சிருக்காங்க. என் யோசனைய எவனும் கேக்குறதில்ல. காசும் குடுக்கிறதில்ல."

"கேக்காத யோசனைக்கு எப்படிங்க காசு குடுப்பாங்க?"

அதில் நியாயம் இருந்ததால் அவருக்குக் கோபம் வந்தது. உடனே வைத்தியலிங்கத்துக்குப் போன் போட்டார்.

"அண்ணே, அரிசி வேணாம்ணே."

"ஏன் தம்பி, சோறு குழையுதா?"

"அது இல்லண்ணே..."

"நீங்க சொல்லமாட்டீங்க, கூச்சப்படுவீங்க. நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் இன்னும் இரண்டு மூட்டை வந்தது. பழைய அரிசியாம். உதிரி உதிரியாக வருமாம். பஞ்சநதம் நாற்காலியை நகர்த்தி, மேஜையை ஜன்னலோரம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அடுத்து, கம்பெனியில் கற்ற வித்தையைக் காட்டினார். ஐந்து பேருக்கும் வாட்ஸ்அப்பில் அறிவிப்பு: ‘பதினைந்தாம் தேதிக்குள் பாக்கியைச் செலுத்துவோருக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி.’

அதிராம்பட்டினத்திலிருந்து கருவாட்டு வியாபாரி ஜெக்கரியா பாய் முதல் ஆளாகக் கூப்பிட்டார்.

"மெசேஜ் பாத்தேன் சார். பத்து சதம் தள்ளிட்டீங்க. மனசு குளுந்து போச்சு."

"அப்ப மீதியை எப்ப பாய் அனுப்புறீங்க?"

"அதுக்கு என்ன அவசரம்? தள்ளுனது தள்ளுனதாவே இருக்கட்டும்."

வைத்தியலிங்கம் வேறு மாதிரி. "ஏன் தம்பி, பத்து சதம் குறைக்க முடியுதுன்னா மொதல்லயே கூடப் போட்டுட்டீங்கன்னுதானே அர்த்தம்? சரி விடுங்க, நான் மனசுல வச்சுக்கல. குறுவை அறுப்பு முடியட்டும்."

ஒன்றரை லட்சம் பாக்கி இப்போது ஒன்று முப்பத்தைந்தாக ஆனதுதான் மிச்சம். அவசரமாகத் தள்ளுபடியை ரத்து செய்து இன்னொரு மெசேஜ் அனுப்பினார். அதற்கு நாலு பேர் கும்பிடு பொம்மை போட்டார்கள். ஜெக்கரியா பாய் மட்டும், ‘குடுத்த வாக்கு சார்’ என்று எழுதினார்.

தேதி எட்டு ஆகிவிட்டது. அன்று பிரகதீஸ்வரி பீரோவிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஏழு வருஷமா ஊர்ல ஒரு மொய் விருந்து விடாம எழுதியிருக்கேன். ஆடி பொறக்கப் போவுது. நாமளும் ஒரு விருந்து வைப்போம். நாம எழுதுனது திரும்பி வரும்ல?"

"எவ்வளவு வரும்?"

"எல்லாரும் எழுதுனா நாப்பது, அம்பதாயிரம் வரும். பந்தலும் கறியும் போவ கையில ஒண்ணும் பெருசா நிக்காது."

பஞ்சநதம் நோட்டைப் புரட்டினார். அதிலிருந்த எல்லா விருந்திலும் ஜெக்கரியா பாய் மொய் எழுதுவதை அவர் பார்த்திருக்கிறார். எந்த விருந்தையும் விடாமல் எழுதுகிற மனுஷன். வைத்தியலிங்கமும் அப்படித்தான். சட்டென்று அவருக்கு மூளையில் பல்பு எரிந்தது.

"பிரகா! ஃபீஸ் குடுக்கலைன்னா இந்த ஊர்ல எவனும் எவனையும் கேக்கமாட்டான். மொய் வைக்கலைன்னா? மானம் போயிரும்! அவங்க அஞ்சு பேரையும் விருந்துக்குக் கூப்பிடுறேன். பாக்கிய அங்க வந்து குடுக்கச் சொல்றேன். மைக்குல பேரு வாசிக்கிறப்ப எவனாச்சும் வெறுங்கையோட நிப்பானா?"

"இது சரியா வருமாங்க?"

"இருபது வருஷம் கம்பெனில இருந்தவன்டி நான். திரும்பி வராத செலவையெல்லாம் திரும்பி வர்ற முதலீடா மாத்தணும். ஒவ்வொரு ரிப்போர்ட்லயும் இதைத்தான் எழுதுறேன். கறிச்சோறு போடுறது செலவு இல்ல, முதலீடு!"

ஐந்து பேருக்கும் போன் போட்டார். "விருந்துக்கு வந்துருங்க. அப்படியே அந்தப் பாக்கியையும் கொண்டாந்துருங்க." ஐந்து பேரும் "கட்டாயம்" என்றார்கள். ஒருத்தர்கூட அறுப்பு என்ற வார்த்தையை எடுக்கவில்லை. அதுவே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

மொய் எழுத நல்ல கையெழுத்து வேண்டும் என்று, வைத்தியலிங்கம் தன் மில்லில் கணக்கு எழுதும் அம்சம் என்ற பெண்ணை அனுப்பிவைத்தார். ஐம்பது வயது இருக்கும். விருந்தன்று கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, அதிகம் பேசாமல், பணத்தை இரண்டு தரம் எண்ணி நோட்டில் எழுதினாள். மைக்கில் வாசித்தார்கள்.

"அதிராம்பட்டினம் ஜெக்கரியா, நாப்பதாயிரம்!"

பந்தியில் இருந்தவர்கள் எலும்பைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். தள்ளுபடிகூடக் கழிக்கவில்லை!

"வைத்தியலிங்கம் மாடர்ன் ரைஸ் மில், அறுபதாயிரம்!"

ஐந்து பேரும் பைசா குறையாமல் எழுதினார்கள். பஞ்சநதத்துக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஜெக்கரியா பாய் இலைக்கு அவரே நின்று நல்லி எலும்பாகப் பார்த்துப் போடச் சொன்னார். வைத்தியலிங்கம் போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை படிப்பு நிக்கக்கூடாது தம்பி" என்றார். இந்த மனுஷர்களையா திட்டினோம் என்று இவருக்கு வெட்கமாகப் போயிற்று.

மறுநாளே ஃபீஸ் கட்டியாகிவிட்டது. போனில் குந்தவை "தேங்க்ஸ்ப்பா" என்றாள். பஞ்சநதம் நாலு அரிசி மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து, ஏழு வருஷத்தில் முதல் தடவையாக விசில் அடித்தார்.

சரியாகப் பதினைந்து நாள்.

வைத்தியலிங்கத்திடமிருந்து மஞ்சள் நிறப் பத்திரிகை வந்தது. மொய் விருந்து. அடுத்த நாள் ஜெக்கரியா பாயிடமிருந்து ஒன்று. வார முடிவில் ஐந்தும் வந்துவிட்டன. எல்லாம் ஆவணிக்குள்.

ஏதோ உறுத்த, பிரகதீஸ்வரி மொய் நோட்டை விரித்தாள். ஐந்து பெயருக்கும் எதிரே அழகான கையெழுத்தில் ‘மொய்’ என்று இருந்தது. ஃபீஸ் என்று ஒரு வரியில்கூட இல்லை.

பஞ்சநதம் வண்டியை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் பறந்தார்.

"அண்ணே, அந்த அறுபது என் ஃபீஸ்ணே!"

வைத்தியலிங்கம் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "ஃபீஸை யாராச்சும் மைக்குல வாசிப்பாங்களா தம்பி? அது மொய்தானே! நீங்க எனக்கு அறுபதுக்கு மேல ஒரு அஞ்சு, பத்து கூட்டிப்போட்டு எழுதுங்க, போதும்."

"அப்ப என் ஃபீஸு?"

"அது அப்படியே இருக்கு, எங்க போவப்போவுது? அறுப்பு முடியட்டும்."

"ஐயோ, நான் வாங்கவேண்டிய ஒன்றரை லட்சம் இப்ப நான் குடுக்கவேண்டிய ஒன்றரை லட்சமா ஆயிருச்சேண்ணே! உங்க அஞ்சு பேருக்கும் எவன்ணே இந்த யோசனையக் குடுத்தான்?"

வைத்தியலிங்கம் மெல்லத் திரும்பி, மூலை மேஜையைப் பார்த்தார்.

அம்சம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, உமி ஒட்டிய நாற்பது பக்கத்தைப் பெருமையாக எடுத்து நீட்டினாள்.

"நீங்கதான் சார், பதினோராம் பக்கத்துல: ‘திரும்பி வராத செலவையெல்லாம் திரும்பி வர்ற முதலீடா மாத்தணும்.’"